வாயில் போடாத கோலாத் துண்டு

என் தம்பிகள் இருவரும் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஒருவன் சந்தையில் விழுந்தான், மற்றவன் சாப்பாட்டு மேசையில். அன்யாஎக்பு வீட்டு ஆண்களின் ரத்தத்திலேயே கோளாறு என்று ஊர் பேசியது. எனக்கு எழுபத்தொன்று. நான் நிமிர்ந்தே நடந்தேன்.

படி ஏறும்போது நெஞ்சு அடைத்ததை வீட்டில் சொல்லவில்லை. மகள் உகோன்மாவுக்கு வரன் வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பவர்கள், அந்த வீட்டில் என்ன நோய் என்று விசாரித்துவிட்டுத்தான் கை நனைப்பார்கள். எனுகு நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போனேன்.

இதயத் தசைக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா என்று படம் எடுக்கும் சோதனை. முதலில் ரத்தக் குழாய்களை விரியவைக்க ஒரு மருந்து ஏற்றுவார்கள். முந்தின நாளிலிருந்து காபி, தேநீர், சாக்லேட் கூடாது என்று அவர்கள் கொடுத்த தாளில் இருந்தது. அவற்றை நான் தொடுவதே இல்லை.

மருந்து ஏற்றிய பெண் சோமுதோ என் முகத்தையே பார்த்தாள்.

"அப்பா, நெஞ்சு பாரமா இருக்கா?"

"இல்ல."

"மூஞ்சி சூடாகுதா? லேசா மூச்சு வாங்குதா?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல. என்னை யாருன்னு நெனச்சே?"

அவள் திரையைப் பார்த்தாள். "நாடி கொஞ்சம்கூட ஏறல. பச்சைத் தண்ணிய ஏத்தின மாதிரி இருக்கு. நேத்து கோலா கொட்டை தின்னீங்களா?"

"வீட்டுக்கு ஆள் வந்தா அந்தக் கசப்புக் கொட்டையை உடைச்சுப் பங்கு வெச்சு, மூத்தவன் தானும் தின்னாம இருப்பானா?"

"போச்சு! காபில இருக்கறதுதான் அதுலயும் இருக்கு. மருந்தை வேலை செய்ய விடாது. இப்பப் படம் எடுத்தா எல்லாம் சரின்னுகூட வரும். அந்த ரிசல்ட்டைச் சட்டம் போட்டு மாட்டிக்கலாம், அவ்வளவுதான். வியாழக்கிழமை காலைல வாங்க. தள்ளிப் போடாதீங்க."

புதன்கிழமை மாலை மாப்பிள்ளை வீட்டார் பனங்கள்ளோடு சம்பந்தத்துக்கு முடிவு சொல்ல வந்தார்கள். முன்னோரை அழைத்து வேண்டினேன். கோலாவை உடைத்தேன். தட்டு சுற்றிப் போயிற்று. என் துண்டு கையிலேயே இருந்தது.

உடைத்தவன் முதலில் மெல்ல வேண்டும். மெல்லாவிட்டால் கொட்டையில் நஞ்சு, அல்லது மனதில் பகை என்று அர்த்தம். யாரும் வாயில் போடவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா நாபுய்ஃபே சிரித்தார். "என்ன மூத்தவரே, விருந்து எங்களுக்கு மட்டுந்தானா? உள்ள எதைத் தடவி வெச்சிருக்கீங்க?"

என் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். பல் வலி என்று சொல்லியிருக்கலாம். முன்னோரை அழைத்த வாயால் அடுத்த நிமிடமே பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"நாளைக்கு என் இதயத்தைப் படம் எடுக்கறாங்க. இதைத் தின்னா படம் பொய் சொல்லும். தம்பிங்க போன வழியில நானும் இருக்கேனான்னு பாக்கணும்."

நாபுய்ஃபே தன் துண்டைத் தட்டில் வைத்தார். "படம் வரட்டும். பொறவு பேசலாம்." பனங்கள்ளுக் குடம் மூடியபடியே அவர்களோடு வண்டியில் ஏறியது. உகோன்மா கதவருகே நின்றிருந்தாள். நான் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். கோபமோ வெட்கமோ வரும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

வியாழக்கிழமை உகோன்மாதான் கார் ஓட்டினாள்.

மருந்து ஏறிய அரை நிமிடத்தில் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்தது போல இருந்தது.

"அப்பா, பாரமா இருக்கா?" என்றாள் சோமுதோ.

"இருக்கு."

"அசையாம படுங்க. இப்பத் தெரிஞ்சிரும்."