வேதாந்தம் போட்ட மார்க்

இன்பராணிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. டெல்லிக்கு நர்ஸாக வந்து பதினோரு வருஷம். நாள் முழுக்க வார்டில் இந்தி பேசியே நாக்கு செத்துப்போயிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு தமிழ் நோயாளி வந்துவிட்டால் போதும். சொந்த ஊர் நாசரேத் என்பதில் தொடங்கி, தம்பிக்கு இன்னும் பெண் அமையவில்லை என்பது வரை ஒன்று விடாமல் ஒப்பித்துவிடுவாள். வேதாந்தத்திடமும் அதைத்தான் செய்தாள். செய்யாமல் இருந்திருக்கலாம்.

வேதாந்தம் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்திரண்டு. முனிர்காவில் வீடு. கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனவர் படியில் கால் தவறி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தகடு வைத்துச் சேர்க்க வேண்டும் என்று இன்பராணி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே அப்போது ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கு ஊசி போடுவதற்குப் பதிலாக மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று அடிக்கிற நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அடித்த பிறகு மணிக்கொரு தரம் வலி எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. நான்கைத் தாண்டினாலோ, ஆளே வாய் திறந்து கேட்டாலோ உடனே ஊசி போட்டுவிடுவார்கள். யாரையும் வலியில் போட்டு வதைக்கிற ஏற்பாடு இல்லை அது.

முந்தின நாள் சம்மதக் கையெழுத்து வாங்கப் போனாள். பன்னிரண்டு பக்கத்தையும் அவர் வரி விடாமல் படித்தார். இரண்டு எழுத்துப் பிழைகளை வட்டம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்தே போட்டார். பிறகு, உனக்கு இங்கே வேலை நிரந்தரமா என்று விசாரித்தார். எங்கே அங்கிள், ஒப்பந்தம்தான், மார்ச்சோடு முடிகிறது, இந்தச் சோதனை நல்லபடியாக முடிந்தால் புதுப்பிப்பார்கள் என்று இவள் சொல்லிவைத்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். அவர் "அச்சா" என்று தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே ஆபரேஷன் முடிந்தது. பாதத்திலிருந்து தொடை வரை பஞ்சும் மாவுக்கட்டும் பேண்டேஜுமாகச் சுற்றி, விரல்கள் மட்டும் வெளியே தெரிய அனுப்பிவைத்தார்கள். முதுகில் போட்ட மயக்க ஊசி பன்னிரண்டு மணிக்குத் தெளிந்தது. இன்பராணி ஸ்ப்ரே அடித்தாள்.

ஒரு மணிக்குக் கேட்டபோது ரெண்டு என்றார். எழுதிக்கொண்டாள். இரண்டு மணிக்கும் ரெண்டு என்றார். ஆனால் ஏசி ஓடுகிற அறையில் அவர் நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. நாடி நூற்றுப் பதினெட்டு. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. முகத்தில் மட்டும் சிரிப்பு. என்ன சிரிப்போ!

கேள்வியைத் தாளில் உள்ளபடிதான் கேட்க வேண்டும், எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது விதி. இன்பராணி தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"அங்கிள், உண்மையச் சொல்லுங்க. வலிக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ கவலைப்படாதேம்மா. உன் பேர் கெடாம நான் பாத்துக்கறேன்."

இன்பராணிக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனுஷர் வலிக்காகவா எண் சொல்கிறார்? அவளுக்கல்லவா மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார்!

இது என்னைப் பற்றின ரிப்போர்ட் இல்லை, மருந்தைப் பற்றினது, நீங்கள் எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஒன்றும் ஆகாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அடியில் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். அவளுடையதுதான். பெயரும் இருந்தது, நர்ஸ் பதிவு எண்ணும் இருந்தது. முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்த ஆள், அதற்கு மேல் எதை நம்புவார்? கடைசியில், என் வேலை நிரந்தரமாகிவிட்டது அங்கிள், காலையில்தான் சொன்னார்கள் என்று ஒரு பொய்யைக்கூட எடுத்துவிட்டாள்.

"ஆர்டர் கைக்கு வந்துடுத்தோ?" என்றார் வேதாந்தம்.

வரவில்லையே. வராத ஆர்டரை எங்கிருந்து காட்டுவாள்?

மனைவி ருக்கு அவளை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னாள். அவர் சர்வீஸில் ரத்தினவேல் என்று ஒரு கிளார்க். கரோல் பாக்கில் ஒற்றை அறையில் நான்கு பேரோடு குடியிருந்தவன். அவனுடைய வருடாந்தர ரகசிய அறிக்கையில் இவர் ஒரே ஒரு தடவை 'சுமார்' என்று எழுதிவிட்டார். அந்த ஒரு சொல்லால் எட்டு வருஷம் அவனுக்குப் பிரமோஷன் வரவில்லை. அதற்கப்புறம் இவர் யாருக்கும் 'மிக நன்று' தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. ஹோட்டலில் உப்புமா ஊசிப்போயிருந்தாலும் நன்னாயிருக்கு என்றுதான் சொல்வாராம். சொல்லும்போதே ருக்குவுக்குக் கண் கலங்கிவிட்டது. நீயே ஊசியைப் போட்டுவிடேன் என்று கெஞ்சினாள்.

போட முடியுமா? சுயநினைவோடு இருக்கிற மனுஷர், வலியில்லை, வேண்டாம் என்கிறார். ருக்கு உள்ளே போய் அவரிடமே மன்றாடினாள். நாற்பத்தைந்து வருஷத்தில் மனைவியை அதட்டாதவர் அன்றைக்கு அதட்டினார். இது ஆபீஸ் விஷயம், நீ தலையிடாதே என்றார்.

மூன்று மணிக்கும் ரெண்டுதான். இப்போது இன்பராணியின் கண் அவர் கால் விரல்கள்மேல் இருந்தது. வீங்கிப் பளபளவென்று இருந்தன. கட்டுக்குள்ளே தசை வீங்கி இடமில்லாமல் இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் தசையும் நரம்பும் செத்துவிடும். அதற்கு முதல் அடையாளமே தாங்க முடியாத வலி. படித்திருக்கிறாள், இரண்டு பேரைக் கண்ணாலும் பார்த்திருக்கிறாள். அந்த இரண்டு பேரும் வார்டே அதிரக் கத்தினார்கள்.

பெருவிரலைப் பிடித்து மெதுவாக மேலே வளைத்துப் பார்த்தாள். வேதாந்தத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கீழுதட்டைக் கடித்து ரத்தமே வந்துவிட்டது.

"கூசறதும்மா, விடு," என்றார்.

இன்பராணி போனை எடுத்தாள். எலும்பு டாக்டர் அடுத்த ஆபரேஷனில் இருந்தார். டியூட்டி டாக்டர்தான் கிடைத்தார். கட்டு இறுகுகிற மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள். வலி எத்தனை என்று கேட்டார். இரண்டு. இரண்டா? அந்தக் கோளாறு இருந்தால் இந்நேரம் ஆள் கத்திக்கொண்டிருக்க மாட்டாரா, வீக்கம் இருக்கத்தான் செய்யும், காலைத் தலையணையில் தூக்கி வை என்றார். அவர் பொய் சொல்கிறார் டாக்டர் என்றாள். டாக்டர் சிரித்தே விட்டார். இரண்டு வலியைப் பத்து என்று சொல்கிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன், பத்தை இரண்டு என்று சொல்கிறவர் எந்த உலகத்தில் இருக்கிறார், எமர்ஜென்சியில் நான்கு பேர் காத்திருக்கிறார்கள், ஆறு மணிக்கு ரவுண்டில் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அவரையும் குறை சொல்வதற்கில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

நான்கு மணிக்கும் அதே எண். இன்பராணி ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கே ஓடினாள். உள்ளேயிருந்து வந்தவனிடம் சொல்லியனுப்பினாள். போனவன் திரும்பி வந்து, ஸ்கோர் எத்தனை என்று டாக்டர் கேட்கிறார் என்றான். சொன்னாள். மறுபடி போய் வந்து, இந்தக் கேஸ் முடிந்ததும் வருகிறாராம் என்றான். மூடிய கதவுக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்தாள். நேற்று மட்டும் இந்த வாய் சும்மா இருந்திருந்தால்! கர்த்தாவே, அந்த மனுஷர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கத்தட்டுமே என்று ஜெபித்தாள். வலியைக் குறைக்கச் சொல்லித்தான் இத்தனை வருஷம் ஜெபம் பண்ணியிருக்கிறாள்.

திரும்பி வந்தபோது ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம். வேதாந்தத்தின் கை கம்பியை விட்டிருந்தது. முகம் தெளிந்திருந்தது. ருக்கு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா," என்றார். "இதுவரைக்கும் சொன்னதெல்லாம் போகட்டும். கொஞ்சம் கூட்டிக் குறைச்சுத்தான் சொன்னேன், ஒத்துக்கறேன். இப்போ சத்தியமா சொல்றேன், துளி வலி இல்லே. பூஜ்யம். உன் மருந்து வேலை பண்றது. எழுதிக்கோ."

இன்பராணி போய்க் கால் விரலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். இன்னும் பலமாகக் கிள்ளினாள். கிள்ளுவதே தெரியாமல் அவர் அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுதிண்டியா என்று கேட்டார்.

எமர்ஜென்சி பெல்லை அவள் அடித்துக்கொண்டேயிருந்தாள். ருக்கு அவள் இன்னொரு கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ நன்னா இருக்கணும்டீ கொழந்தே. அவர் நிஜத்தைத்தான் சொல்றார், மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குத் தெரியறது," என்றாள்.