ஒரு செற், இரண்டு சோடி ஸ்பீக்கர்

செத்துக் கிடந்த அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுத இலட்சுமி, அழுகையை நடுவிலே நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், அவளுடைய வீட்டு ஸ்பீக்கர்களில் மூச்சே இல்லை. இங்கே தங்கை சர்மிலா வீட்டு ஸ்பீக்கர்களிலோ, தேவாரம் வாவியைத் தாண்டிப்போய் மண்டூர் முருகனையே எழுப்பிவிடும் போலிருந்தது.

இலட்சுமியின் பொறாமையை மூட்டை கட்டி ஏற்றினால் இரண்டு லொறி போதாது. பெண் பிள்ளைகளுக்கு வீடு கொடுக்கிற ஊர் வழக்கப்படி, அப்பா சாமித்தம்பி ஒரே வளவில், நடுவே வேலி போட்டு, இருவருக்கும் வீடு கட்டினார். கட்டிவிட்டு, தன் கட்டிலையும் பாட்டுச் செற்றையும் தூக்கிக்கொண்டு இளையவளோடு போய்விட்டார். மூத்தவளைச் சமாதானப்படுத்த, அதே செற்றிலிருந்து முருங்கைமரம் வழியாக வயர் இழுத்து, இன்னொரு சோடி ஸ்பீக்கரை அவள் சமைக்கிற குசினியில் மாட்டினார். விடிந்தால் பாட்டு வரும். மெதுவாகத்தான் வரும். அங்கே முதல் பங்கு, எனக்கு மிச்சம் என்று இலட்சுமி வருடக்கணக்காகக் கறுவினாள். போய்ப் பார்க்க ரோசம் விடவில்லை.

இன்றைக்கு எழுந்துபோய், செற்றில் தன் வீட்டுக்கான பொத்தானையும் சேர்த்து அமத்தினாள். செற் 'டக்' என்றது. தேவாரம் நின்றது. செத்தவீடே திரும்பிப் பார்த்தது. அப்பாவும் திரும்பியிருப்பார், தாடையைச் சுற்றிய நாடிக்கட்டு விடவில்லை.

"ரெண்டு சோடியையும் ஒண்டா அமத்தினா இது தாங்காது அக்கா," என்றாள் சர்மிலா. "சூடேறி நிண்டிரும். ஒரு நேரத்துக்கு ஒரு வீட்டுக்குத்தான்."

"அப்ப விடிய எனக்கு வாற பாட்டு?"

"உங்களுக்கு மட்டும்தான். நான் கேட்டதே இல்ல. எங்களுக்கும் போடுங்க அப்பா எண்டா, 'அக்கா எழும்பிற நேரம், சும்மா இரு மகள்' எண்டுவார். எனக்குப் பத்தி எரியும்."

"சத்தமில்லாம அவர் இஞ்ச என்ன செய்வார்?"

"அந்தக் கதிரையில இருந்து செற்றுல லைற் ஏறி இறங்கிறதப் பாப்பார். கதிரைக் கையில விரலால தாளம் போடுவார். உங்கட வீட்டப் பாத்துச் சிரிப்பார்."

இரண்டு லொறிப் பொறாமையும் அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. ஆனால் இலட்சுமி லேசுப்பட்டவளா? கண்ணைத் துடைப்பதற்குள் மூன்றாவது லொறி வந்து நின்றது. அந்தச் சிரிப்பைத் தினமும் பார்த்தவள் சர்மிலா.

மறுநாள் விடிய இலட்சுமி வேலியைக் கடந்து வந்தாள். தேவாரத்தைப் போட்டு, தன் வீட்டுப் பொத்தானை மட்டும் அமத்தினாள்.

"நீ போய் என்ட குசினியில இருந்து கேள் தங்கச்சி."

"நீங்க?"

"நான் இதில கொஞ்சம் இருக்கன்."

சர்மிலா போனாள். பச்சை விளக்குகள் சத்தமில்லாமல் ஏறின, இறங்கின. அப்பாவின் கதிரைக் கைப்பிடியில் ஓரிடம் மட்டும் வார்னிஷ் போய்த் தேய்ந்திருந்தது. இலட்சுமி அதில் விரலை வைத்தாள்.