சோலையப்பன் கொல்லையில் கிடந்த எல்லைக்கோடு

பொன்னமராவதிக்குக் கிழக்கே சோலையப்பனின் கடலைக் கொல்லையில், ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தை வெள்ளிக்கிழமை காலையில், இரண்டு அயல்நாடுகளின் எல்லைக்கோடு வந்து கிடந்தது. நாலு விரல் அகலம், செங்காவி நிறம். நீளம் அறுநூறு கிலோமீட்டர். கொல்லை அறுபது சென்ட்தான் என்பதால் கிட்டத்தட்ட எல்லாமே கிணற்று மேட்டில் சுருண்டுகொள்ள, மிச்சம் கொல்லையை நடுவில் வகுந்து கிடந்தது. கோட்டுக்கு வடபுறம் பனி கொட்டியது, தென்புறம் வழக்கம்போல் வெயில். சோலையப்பன் மனைவி அழகி தோசைமாவு புளிக்காமலிருக்க வடபுறம் கொண்டுபோய் வைத்தாள். கிராம நிர்வாக அதிகாரி வந்து பார்த்து, அடங்கல் பதிவேட்டில் சாகுபடிக் கட்டத்தில் ‘கடலை, பனி’ என்று எழுதிக்கொண்டு போனார். பூகோள வாத்தியார் ஞானமணி பள்ளிக்கூடத்து அட்லஸ்களைப் புரட்டினார். வடக்கே, அறுபது வருஷத்தில் ஐந்து போர் நடத்திய இரண்டு நாடுகளுக்கு நடுவே கோட்டைக் காணவில்லை.

இதில் சோறு இறங்காமல் போனது சோலையப்பனின் சகலை ஆவுடையப்பனுக்கு. அக்காள் பிரகதாம்பாளை இவரும் தங்கை அழகியை அவரும் கட்டிய நாளிலிருந்து இருவருக்கும் போட்டிதான். அவர் நானூறு அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டால் இவர் நானூற்றைம்பது. அவர் மகன் சிங்கப்பூர் போனால் இவர் மகன் குவைத். ஆனால் எல்லைக்கோடு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பங்குனி வாக்கில் ஆவுடையப்பனின் வயிற்றிலிருந்து புகை வர ஆரம்பித்தது. பிரகதாம்பாள் அதில் கருவாடு சுட்டுக்கொண்டாள்.

பொறுக்க முடியாமல், கோட்டை எடுத்துக்கொண்டு போகும்படி ஆவுடையப்பன் இரண்டு நாட்டுக்கும் மனு எழுதிப் போட்டார். சித்திரையில் நாட்டுக்கு ஒருவராக இரண்டு ராணுவ அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். அன்று காலையில்தான் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டினால் எட்டு நாளைக்கு ஊரில் இருக்கிறவர் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, ஊர்ப்பொருளும் வெளியே போகக் கூடாது. பூசாரி ராக்கன் இருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு, “ஊருக்குள்ள வந்துட்டீங்கள்ல, எட்டு நாளைக்கு நீங்களும் இந்த ஊருதான், அந்தக் கோடும் இந்த ஊருதான்” என்றார்.

கோட்டுக்குச் சொந்தக்காரர் என்பதால் அதிகாரிகள் சோலையப்பன் வீட்டில்தான் தங்கினார்கள். கோயிலில் மூவருக்கும் சேர்த்துப் பரிவட்டம் கட்டினார்கள். பதினோராவது வரிசையில் நின்று பார்த்த ஆவுடையப்பனைச் சுற்றி இருந்தவர்கள் புகை தாங்காமல் இருமினார்கள். அங்கே எல்லையில் இரண்டு பட்டாளமும் எங்கே நின்று சுடுவதென்று தெரியாமல் எட்டு நாள் காத்திருந்து, ஒன்பதாம் நாள் கோதுமை விதைக்க வீட்டுக்குப் போய்விட்டன. சேதி கேட்ட அதிகாரிகள் கோட்டை இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரே காரில் புறப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஆவுடையப்பன் அரை வயிறுதான் சாப்பிட்டார். ஆள் துணி காயப்போடும் குச்சி மாதிரி ஆனதும் பிரகதாம்பாள் தங்கையிடம் போனாள்.

“ஏன்டி, ரெண்டு முழம் குடுத்தா ஒம் புருசனுக்கு கொறஞ்சா போயிரும்? எம் மனுசன் பொகஞ்சே போய்ச் சேந்துருவாரு போலருக்கு.”

“தாராளமா எடுத்துக்கக்கா. அங்கிட்டு கெணத்து மேட்டுல சும்மாதான சுருண்டு கெடக்கு. ஆனா நான் குடுத்தேன்னு மச்சான்கிட்ட சொல்லிராத, தொட மாட்டாரு. களவாண்டுட்டு வந்தேன்னு சொல்லு.”

அப்படியே சொன்னாள். புகை அந்த நிமிஷமே நின்றது. ஆவுடையப்பன் இரண்டு முழத்தையும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே போட்டார். அன்றிலிருந்து அடுப்படி வேறு நாடு. மூன்று வேளையும் பிரகதாம்பாள் வாசலை மறித்து நிற்கிறாள்.

“கார்டு?”

ரேஷன் கார்டை நீட்டுகிறார்.

“எதுக்கு வர்றீங்க?”

“சோறு திங்கத்தான்டி.”

கார்டின் இரு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே விடுகிறாள். ஆவுடையப்பன் நன்றாகச் சாப்பிடுகிறார், சதை போட்டிருக்கிறது. போன மாதம் விருந்துக்கு வந்த சோலையப்பன் இதைப் பார்த்தார். அறுநூறு கிலோமீட்டர் கிடந்தும் தன்னிடம் கார்டு கேட்க ஒரு ஆள் இல்லையே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் வயிற்றில் லேசாகப் புகை தெரிகிறது. அழகி கருவாடு வாங்கி வைத்திருக்கிறாள்.