கையை எடுத்த பிறகும்

திலீபனின் படகுக்கு எஞ்சின் இல்லை என்று சங்கத்துக் கொம்பியூட்டர் சொல்லிவிட்டது. போன மாசியில்தான் இருபத்தைந்து குதிரைவலுவில் புது எஞ்சின் பூட்டியவன் அவன். திருத்தம் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்த பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஞானமலரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவனுக்கே முடிவு இல்லை. "அப்ப நான் இவ்வளவு நாளும் போட்டைத் தள்ளிக்கொண்டோ அக்கா கடலுக்குப் போனனான்?" என்று மட்டும் கேட்டான்.

ஞானமலர் மன்னிப்புக் கேட்டாள். 'ஆம்' என்ற பெட்டிக்கு மேல் கொண்டுபோய் வைத்து அழுத்தும் நேரம் பார்த்து அம்புக்குறி ஒரு துள்ளுத் துள்ளி 'இல்லை'யில் போய் விழுந்துவிட்டது. மவுஸ் சரியில்லை என்று சொன்னாள். சொல்லும்போதே அது பொய்யாக இருக்குமோ என்ற நினைப்பும் வந்தது. திலீபன் சமாதானமாகிப் போய்விட்டான். மேசையில் கிடந்த தன் வலது கையை அவள் எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் மாதா கோயிலுக்கும் வலை வைக்கிற வாடிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒற்றை அறைதான் கடற்றொழிலாளர் சங்கம். ஒரு அலுமாரி, நாலு கதிரை, தலைக்கு மேல் கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, கொம்பியூட்டர். பதினொரு வருடமாக ஞானமலர்தான் அங்கே எழுதுகிறவள். ஊரில் யாருடைய படகுக்கு என்ன நிறம், யாருடைய அடையாள அட்டையில் பிறந்த திகதி பிழை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இந்த வெள்ளிக்கிழமைக்குள் அறுபத்திரண்டு படகுகளின் விபரத்தையும் இணையத்தில் ஏற்றி முடிக்க வேண்டும். முன்பென்றால் அது அவளுக்கு இரண்டு நாள் வேலை. இப்போது ஒரு படகை ஏற்றி முடிக்கவே அரை மணித்தியாலம் ஆகிறது. அம்புக்குறி ஒரு இடத்தில் நிற்பதில்லை. நின்றாலும் குளிரில் நிற்கிற ஆளைப்போல் நடுங்கிக்கொண்டு நிற்கிறது.

விஷயம் அவளுடைய தகப்பனிடமிருந்து தொடங்குகிறது. யாக்கோப்பு என்றால் அந்தக் கரையில் கிழிந்த வலை பொத்துவதில் முதல் ஆள். ஐம்பத்திரண்டு வயதில் அவருடைய வலது கைப் பெருவிரல் தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. பிறகு மணிக்கட்டு, பிறகு முழுக் கையும். நடுக்குவாதம் என்று வவுனியாவில் டொக்டர் சொன்னதை வீட்டில் ஒருவரும் மறுபடி வாயால் சொல்லவில்லை. யாராவது வந்தால் அப்பா அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துவிடுவார். கடைசி ஐந்து வருடமும் அவருக்குச் சோறு ஊட்டியவள் ஞானமலர். அவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது முடிந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சுவாமியாருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது கோப்பை சாடையாகச் சலசலத்து, தேநீர் தட்டில் சிந்திவிட்டது. ஒரு தேக்கரண்டியளவுகூட இருக்காது. சுவாமியார் கவனித்ததாகவும் தெரியவில்லை. கணவன் றொனால்ட் மட்டும் வாசல்படியில் நின்றபடி இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து ஞானமலர் தன் கையை வேறொருத்தியின் கையைப்போல் வேவு பார்க்கத் தொடங்கினாள்.

வேவு பார்ப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி தகப்பன் கைவிட்ட வேலைதான். தங்கூசி என்கிற, பார்வைக்கே அகப்படாத மெல்லிய நைலோன் நரம்பில், வலை ஊசியால் கண்ணுக்குக் கண் முடிச்சுப் போடுவது. கை ஆடினால் வலைக் கண் பெரிதாகும், முடிச்சு வழுக்கும், ஒளிக்க முடியாது. வீட்டில் செய்தால் றொனால்ட் கேட்பான். அதனால் மத்தியானம் சங்கத்தில் ஆள் இல்லாத நேரம் கதவைச் சாத்திவிட்டு, கொம்பியூட்டர் மேசையிலேயே விரித்துவைத்து ஒரு வரிசை முடிவாள். மிச்ச நரம்பைப் பிளேட்டால் நறுக்கிவிட்டு, முடிந்ததைப் பார்க்காமலே மேசை லாச்சிக்குள் தள்ளிப் பூட்டிவிடுவாள். பார்க்கப் பயம். பரீட்சையை எழுதிவிட்டு மறுமொழியை வாங்கப் போகாத பிள்ளையின் புத்திதான்.

அப்படியிருக்கும்போதுதான், இரண்டு வாரத்துக்கு முன்னால், அம்புக்குறி நடுங்கத் தொடங்கியது. கடைசியில் தான் பயந்தது வெளிச்சமான திரையில் எல்லோரும் பார்க்கும்படி வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. மவுஸின் கீழே இருந்த பழைய ரப்பர் மட்டையை எடுத்தெறிந்துவிட்டு வெள்ளைக் கடதாசி வைத்துப் பார்த்தாள். கோப்பு மட்டை வைத்துப் பார்த்தாள். வயரைக் கழற்றி மற்ற ஓட்டைக்குள் செருகினாள். கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டாள். இணையத்தில் தேடி, அம்புக்குறியின் வேகத்தைக் குறைக்கிற இடத்தைக் கண்டுபிடித்து அதை ஆமை வேகத்துக்குக் கொண்டுவந்தாள். இப்போது அது ஆறுதலாக, மெதுவாக நடுங்கியது. செய்யக்கூடியதில் ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. மவுஸை இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்க்கவில்லை. அவர்கள் கையில் அது நேராக ஓடிவிட்டால் பிறகு சொல்லிக்கொள்ள அவளிடம் ஒன்றும் மிஞ்சாது.

எஞ்சின் கதை ஊருக்குள் சுற்றிச் சங்கத் தலைவர் மெல்ரொனின் காதுக்குப் போனது. அவர் நல்ல மனிசன், வயதில் இளையவர், அவளைக் கேட்காமலே தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து கொம்பியூட்டர் திருத்துகிற பிள்ளையை வரச்சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் நிதர்சனா. ஹெல்மெற்றைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்தாள். பிள்ளையைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு வருவதாகவும் பதினொன்றரைக்குத் திரும்ப ஏற்ற வேண்டும் என்றும் சொன்னாள். வேலை தெரிந்தவள் என்று பார்த்தவுடனே விளங்கியது. ஞானமலருக்கு அதுவும் பயமாக இருந்தது.

அவள் எழுந்து கதிரையைக் கொடுத்தாள். நிதர்சனா இருக்கவில்லை.

"நீங்களே ஒருக்காப் பிடிச்சுக் காட்டுங்கோ அக்கா. நான் பாக்கிறன்."

ஞானமலர் இருந்தாள். கையை வைத்தாள். திரையில் அம்புக்குறி வழக்கம்போல் துடித்தது. பின்னால் நின்ற பெண் திரையைப் பார்க்கிறாளா, கையைப் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. அப்பா ஏன் கைக்கு மேல் ஏறி இருந்தார் என்று அந்த நேரம் முழுதாக விளங்கியது. அது வெட்கம் இல்லை, வருத்தமும் இல்லை, இன்னொருவர் வாயால் கேட்க விரும்பாத ஒரு சொல்லைத் தள்ளிப்போடுகிற வேலை.

"சரி, கையை எடுங்கோ" என்றாள் நிதர்சனா.

எடுத்தாள். மவுஸ் கடதாசிக்கு மேல் தனியே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. திரையில் அம்புக்குறி அப்போதும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஞானமலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடியில் இருந்தது, அம்புக்குறி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பழுதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த மாவட்டத்திலேயே இருக்கமாட்டாள். அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. இருமுவதுபோல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு கிழமையாக இந்தக் கையை ஒரு முறைகூட எடுத்துவிட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தன்மேல் கோபமும் வந்தது.

நிதர்சனா மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். விசிறி ஓய்ந்ததும் அம்புக்குறியும் மெல்ல அடங்கியது. போட்டால் மறுபடி ஆடியது. "காத்துக்கு என்னவோ ஆடுது" என்று சொல்லி மவுஸை மல்லாத்தினாள். அடிப்பக்கத்து ஓட்டையில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. ஞானமலரின் சேலையிலிருந்து ஒரு ஊசியைக் கழற்றித் தரச்சொல்லி வாங்கி, ஓட்டைக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ நெம்பி எடுத்தாள். விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் காட்டினாள். முடியைவிடக் கொஞ்சம் தடிப்பான, நிறமே இல்லாத ஒரு துண்டு. ஒரு பக்கம் பிளேட்டால் சரிவாக நறுக்கியது.

"தங்கூசி. இந்த மேசையில ஆர் அக்கா வலை முடியிறது?"

"சங்கம்தானே பிள்ளை. எல்லாரும் வலையோட வருவினம்" என்றாள் ஞானமலர். அது அவ்வளவு பெரிய பொய்யும் இல்லை. நிதர்சனா தலையை ஆட்டினாள். வேகத்தை ஏன் இப்படிக் குறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு அதையும் பழையபடி ஆக்கினாள். பிள்ளைக்கு நேரமாகிவிட்டது என்று தேநீரும் வேண்டாமென்று புறப்பட்டுவிட்டாள். ஸ்கூட்டியின் சத்தம் கோயில் வளைவில் தேய்ந்து போனது.

அதன்பிறகு ஞானமலர் திலீபனுக்கு எஞ்சினைத் திருப்பிக் கொடுத்தாள். 'ஆம்' என்ற பெட்டிக்கு மேல் அம்புக்குறி அசையாமல் நின்றது. நாலு மணிக்குள் பத்தொன்பது படகு ஏறிவிட்டது. இடையில் இரண்டு முறை, வேலையில்லாமலே அம்புக்குறியைத் திரையின் நடுவில் கொண்டுபோய் வைத்து, கையை எடுக்காமல் நூறு வரை எண்ணினாள். முதல் முறை அது அசையவில்லை. இரண்டாம் முறை எண்பதுக்குக் கிட்ட ஒரு மயிரிழை அசைந்ததுபோல் இருந்தது. அல்லது கண் இமைத்துவிட்டதோ என்னவோ.

அறையைப் பூட்டுவதற்கு முன் லாச்சியைத் திறந்து, முடிந்து வைத்ததை முதல் தடவையாக வெளியே எடுத்தாள். இரண்டு மாதத்துப் பயம் ஒரு கைக்குட்டை அளவுக்கு வலையாக வளர்ந்திருந்தது. கதவோரம் போய் வெளிச்சத்தில் விரித்து வரிசை வரிசையாகப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் ஒரே அளவு. கீழே ஒரு இடத்தில் மட்டும் ஒரு கண் சற்றுப் பெரிதாக இருந்தது. அன்றைக்கு யாராவது கதவைத் தட்டியிருக்கலாம். நினைவில்லை. அந்தத் தேக்கரண்டித் தேநீரை எந்த மவுஸின் தலையிலும் போட முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வவுனியாவுக்கு ஒருநாள் போய்க் கையைக் காட்டினால் தெரிந்துவிடும். அதையும் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். வலையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வீட்டு முற்றத்து வேம்பின் கீழ் றொனால்ட் வலையை விரித்துப்போட்டுப் பொத்திக்கொண்டிருந்தான். விடியற்காலை கடலால் வந்தவன், மத்தியானம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, அவள் வருகிற நேரத்துக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றி வைப்பான். பக்கத்து வீட்டு ஆண்கள் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். அவன் அதைக் காதில் போடுவதில்லை. வழக்கம்போல் வாங்குப் பலகையில் இரண்டு தேநீர்ப் பேணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவனுடையது விளிம்பு முட்ட. அவளுடையது முக்கால்வாசி.

ஞானமலர் செருப்பைக் கழற்றியபடி நின்றுவிட்டாள். எத்தனை நாளாக முக்கால்வாசி? கேத்தில் சிறியது, இரண்டு பேருக்குப் போதாமல் வருகிறது என்று தனக்குள் சொல்லி வைத்திருந்தாள். அவனுடைய பேணி ஒருநாளும் குறைந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவன் பார்த்துவிட்டுத் திரும்பிய முகம் கண்ணுக்குள் வந்தது. பாவி மனிசன், இரண்டு மாதமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிந்தாத அளவுக்குக் குறைத்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது. அழாமல் போய் வாங்கில் இருந்து, கைப்பையைத் திறந்து அந்தச் சிறிய வலையை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

அவன் அதை விரித்துப் பார்த்தான். ஒவ்வொரு கண்ணாக விரலை ஓட்டிக்கொண்டு போனான். அந்தப் பெரிய கண்ணில் விரல் ஒரு நொடி நின்று, பிறகு மேலே போனது. யார் முடிந்தது, ஏன் முடிந்தது என்று அவன் கேட்கவில்லை. விடை தெரிந்த கேள்விகளை அவன் கேட்பதில்லை.

"என்ர பேணியையும் நிறைக்க ஊத்துங்கோ" என்றாள் ஞானமலர்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சுடும் மலர்."

"சுடட்டும்."

றொனால்ட் எழுந்து குசினிக்குள் போய்க் கேத்திலைக் கொண்டுவந்தான். ஆறுதலாக ஊற்றினான். இன்னும் ஒரு துளி விட்டால் வழியும் என்கிற இடத்தில் நிறுத்தினான். பிறகு தன் இடத்தில் போய் இருந்து, வலையை இழுத்துப்போட்டு, பொத்துவதுபோல் குனிந்தான். வலை ஊசி அவன் விரல்களுக்கு நடுவில் இருந்தது. அது நகரவில்லை.

பேணி நிறையத் தேநீர் அசையாமல் நின்றது. அதற்குள் வேம்பின் ஒரு கொப்பு தலைகீழாக, இலை இலையாகத் தெரிந்தது. ஞானமலர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். பேணி வாங்கை விட்டு எழும்பியது. அவள் அதற்குள் இருந்த கொப்பையே பார்த்துக்கொண்டு, ஒரு இலையும் கலையாமல், மெல்ல மெல்ல வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்துகொண்டிருந்தாள்.