எடை இல்லாத நாய்

இந்தக் காலத்து ஆட்களுக்கு நாய் வேண்டும், அதன் வயது மட்டும் வேண்டாம். குட்டியாக இருக்கும்வரை மெத்தையில் போட்டுக் கொஞ்சுவார்கள். மூக்கு நரைத்ததும் காரில் ஏற்றிக் கண்காணாத தெருவில் இறக்கிவிட்டுப் போவார்கள். அப்படி இறக்கிவிடப்பட்டு, காப்பகத்துக்கு வந்து சேர்ந்த பன்னிரண்டு வயது நாய் ஒன்றுக்கு எடை இல்லை. குறைவு என்று சொல்லவில்லை, இல்லவே இல்லை. தராசில் ஏற்றினால் முள் பூஜ்யத்தில் நின்றது.

காப்பகத்து அம்மாள் தராசு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டனுப்பினார். பெற்ற பிள்ளையையே நிறுத்துப் பார்த்துத்தான் நம்பிய மனிதர் அவர். தராசை மூன்று முறை கழற்றி மாட்டினார். மற்ற நாய்களுக்கெல்லாம் இம்மி பிசகாமல் காட்டியது. இதற்கு மட்டும் அதே பூஜ்யம்.

"என் வேலையில கோளாறு இல்லம்மா. உங்க நாய்லதான் கோளாறு."

"அப்ப நாயக் கொண்டுபோய் ரிப்பேர் பண்ணுங்க, ஐயா."

ரிப்பேர்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தத்தெடுக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிட்டார். கிழட்டு நாய்களுக்கு அங்கே ஒரு சட்டம்: முப்பதாம் நாள் எடை பார்ப்பார்கள், கூடியிருந்தால் வீட்டோடு இருக்கலாம், இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

கடையில் இருந்த பதினாலு தராசிலும் ஏற்றினார். தங்கம் நிறுக்கும் தராசுகூட அசையவில்லை. ஆனால் அதே நாய் அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்தால் கால் மரத்துப்போனது. இரண்டு வேளைத் தீனி நாலு வேளையானது. அதற்குக் காது மந்தம் என்பதால் உரக்கப் பேசினார். பேசப் பேச, யாரிடமும் வாய் திறக்காத மனிதரின் ஐம்பது வருடக் கதை தெரு முழுக்கத் தெரிந்துபோனது.

"அண்ணே, அதுக்குத்தான் காது கேக்காது. எங்களுக்கெல்லாம் நல்லாவே கேக்குது" என்றாள் மாடியில் குடியிருந்த தங்கை.

முப்பதாம் நாள் காப்பகத்து வண்டி வந்து நின்றது. ரிப்பேர்காரருக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மாள் கையோடு கொண்டுவந்த தராசில் நாயை ஏற்றினார். பூஜ்யம். கழுத்துக்கயிற்றை எடுத்தார்.

"இருங்கம்மா, தூக்கிட்டு நிக்கிறேன். என் எடைய கழிச்சுக்குங்க. அறுபத்தொண்ணு."

நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார். முள் அறுபத்தொன்றுக்கும் போகவில்லை, ஒன்றுக்கும் போகவில்லை. பூஜ்யத்திலேயே நின்றது. நாய் அவர் தாடையை நக்கியது.

அம்மாள் முள்ளைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "சட்டப்படி உங்களையும் சேத்துல்ல ஏத்திட்டுப் போகணும்? வண்டியில எடமில்ல, ஐயா." தாளில் எடைக்கான கட்டத்தை அடித்துவிட்டு, 'வீட்டோடு' என்று எழுதி மூடினார்.

ரிப்பேர்காரர் இறங்கிக் குனிந்து தராசின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் போச்சு. வேறென்ன" என்றார். நாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைப்பக்கம் நடந்தார்.

"காத்து பலமா அடிக்குது, சுவரோரமாப் போண்ணே!" என்று மாடியிலிருந்து கத்தினாள் தங்கை. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.