இன்னும் ஒரு சுற்று

ரத்த வங்கியின் கண்ணாடிக் கதவை நாத்தனார் இரண்டு கைகளாலும் தட்டினாள்.

"அண்ணி, போதும், நிறுத்துங்க! பிள்ளைக்கு மூக்குல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது."

உள்ளே, அங்கே வேலை பார்க்கும் அண்ணியின் முன்னால், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் மெஷின் உறுமிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் ஒரு கிண்ணத்தில், சோதனைகளில் தேறிவந்த ஒரே ஒரு பை ரத்தம். எதிர்க் கிண்ணத்தில் எடைக்கு எடை தண்ணீர்ப் பை. காய்ச்சலில் கிடக்கும் நாத்தனார் மகளுக்கு வேண்டியது அந்த ரத்தத்திலுள்ள, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மட்டும். சுற்றச் சுற்றச் சிவப்பு அடியில் இறங்கும். தட்டணுக்கள் மேலே மஞ்சள் நீரோடு நிற்கும். ஆனால் மெஷின் தானாக ஓய்ந்து நிற்க வேண்டும்.

சற்று முன் நாத்தனார் போட்ட கூச்சலில் அண்ணி பதறிப்போய் பிரேக்கை அழுத்திவிட்டாள். பை ஒரு குலுங்கு குலுங்கி, பிரிந்ததெல்லாம் மறுபடி கலந்துபோனது. இத்தனை வருஷ வேலையில் செய்யாத தப்பு. அதே பையை முதலிலிருந்து சுற்றவிட்டிருந்தாள். இந்த முறையும் கெட்டால் வேறு பை இல்லை. ஊரெல்லாம் காய்ச்சல், அலமாரி காலி.

ரத்தம் கொடுத்தவன் அண்ணியின் தம்பி. "இந்த மூஞ்சிக்கு நானா?" என்று ஒரு காலத்தில் நாத்தனார் கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழித்தாளே, அதே மூஞ்சி. முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சோடு வெளியே பெஞ்சில் இருந்தான்.

"கதவை உடைச்சிடாதீங்க. அப்புறம் என்னைக் குத்தினது வீணாப் போயிடும்."

நாத்தனார் திரும்பவில்லை. "பழைய கோபத்தை எம்பிள்ளை மேல காட்டுறீங்களா அண்ணி?"

அந்தப் பிள்ளைக்கு முதன்முதலில் தலை பின்னிவிட்டதே அண்ணிதான். விரல் பிரேக் பக்கம் போயிற்று. வெடுக்கென்று கைகளை இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

உறுமல் மெல்ல அடங்கி, நின்றது. பச்சைக்குழந்தையைத் தூக்குவதுபோல் பையைத் தூக்கினாள். கீழே கருஞ்சிவப்பு, மேலே மஞ்சள். நடுவே கோடு கிழித்தாற்போல். மஞ்சளை மட்டும் இணைப்புப் பைக்குப் பதமாகப் பிதுக்கி ஏற்றினாள்.

"முடிஞ்சுதா?"

"இல்லம்மா. தட்டணுவைத் திரட்ட இன்னும் ஒரு சுத்து விடணும். அப்புறம் கொஞ்ச நேரம் அசையாம வைக்கணும்."

நாத்தனார் அப்படியே தரையில் சரிந்தாள். தம்பி நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

"அண்ணி, நான் கத்துவேன். என்னால கத்தாம இருக்க முடியாது. நீங்க நிறுத்திடாதீங்க."

அண்ணி மூடியைப் பூட்டினாள். மெஷின் வேகமெடுத்ததும் வெளியே கூச்சல் கிளம்பியது. அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.