லியோனிசாவின் தாய்நீர்

லியோனிசாவைப் புதைத்த ஒன்பதாம் நாள், அவள் கடைசியாக ஊற்றிவைத்த தட்டில் நாத்தா மூச்சு இளைக்கத் தொடங்கியது. ஏரிக்கரையில் எங்கள் தெருவுக்கு நாத்தா என்கிற தேங்காய் ஏட்டு மிட்டாய்தான் பிழைப்பு. தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரையும் வினிகரும் கலந்து, பழைய தட்டிலிருந்து ஒரு கரண்டி தாய்நீர் விட்டு, செய்தித்தாளால் மூடினால், ஒன்பது நாளில் விரல் கனத்துக்கு வெள்ளை ஏடு படியும். அதுவரை தட்டு அசையக் கூடாது. கதவை அடித்துச் சாத்தக் கூடாது. சாவு வீட்டிலும் ஒன்பது நாள் ஜெபம் முடியும்வரை யாரும் பெருக்குவதில்லை என்பதால் அந்தத் தட்டை ஒருவரும் தொடவில்லை. ஜெபம் முடிந்து அவள் கணவன் எபிபானியோ தாளை விலக்கியபோது ஏடு ஏறி இறங்கியது. அவள் மார்பில் இருபது வருஷம் இருந்த அதே விசில்: இரண்டு நீளம், ஒரு குட்டை.

ஏட்டை வெட்டி வேகவைத்தால்தான் தின்னலாம். அவன் வேகவைக்கவில்லை. தட்டைக் கட்டிலருகே அலமாரி மேல் வைத்துக்கொண்டான்.

அந்த அக்டோபர் புயலில் ஏரி தெருவுக்குள் வந்து, மற்ற பதினான்கு வீட்டுத் தட்டுகளையும் சேறாக்கிப் போனது. மிஞ்சிய தாய்நீர் அவனுடையது ஒன்றுதான். தங்கை புரிங் கிண்ணத்தோடு வந்தாள்.

“ஒரு கரண்டி குடுண்ணே. பதினாலு வீட்டுலயும் அடுப்பு எரியணும்.”

“அவளக் கூறு போடச் சொல்றியா?”

“பூட்டி வச்சு என்ன பண்ணப் போற? மோந்து பாரு, உன் சட்ட மாதிரி நாறுது. அவ உயிரோட இருந்தப்பவும் அவளச் சாப்பிட்டியான்னு கேக்க மாட்ட, பேசிக்கிட்டேதான் இருப்ப.”

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் திவினா டீச்சரும் கிண்ணத்தோடு வந்திருந்தார். ஏட்டை நெய்யும் அந்த நுண்ணுயிருக்கு உள்ளே உட்கரு என்று ஒன்று கிடையாது என்றார். தீனி கிடைத்தால் இரண்டாகப் பிளக்கும். அதில் எது தாய், எது மகள் என்று யாராலும் சொல்ல முடியாது. நாம் மூச்சுவிடும் காற்று உண்டாவதற்கு முன்பே இருந்த குலம் அது. தேவைப்படாததை வழியில் போட்டுவிடும். சமயத்தில் தன்னிடமிருப்பதில் ஒரு துண்டைப் பக்கத்திலிருப்பதற்குக் கொடுத்துவிடும்.

“பட்டினி போட்டாத்தான் செத்துடும், மாமா.”

அன்று காலை விசில் மூன்று முறை நின்று நின்று வந்ததை அவன் கேட்டிருந்தான். கரண்டியை எடுத்தான்.

ஒன்பது நாள் கழித்துப் பதினான்கு வீடுகளிலும் லியோனிசா இளைத்தாள். பெண்கள் தாய்நீரை எடுத்துவைத்துவிட்டு, “கொஞ்சம் பொறுத்துக்கடி” என்று சொல்லி ஏட்டைக் கொதிநீரில் போட்டார்கள். எபிபானியோ மாலைதோறும் வீடு வீடாகப் போய்த் தட்டருகே குனிந்து கேட்டுவருவான். மூன்றாம் வருஷம் மீன்காரி வீட்டுத் தட்டு இருமக் கற்றது. லியோனிசா இருமியதே இல்லை. ஐந்தாம் வருஷம் கடைசி வீட்டுத் தட்டு அவளுக்குத் தெரியாத ஒரு மெட்டை முணுமுணுத்தது. ஏழாம் வருஷம் அவன் புரிங் வீட்டுத் தட்டின் முன் வெகுநேரம் நின்றான். பிறகு வழிப்போக்கரிடம் சொல்வது போல ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

தன் தட்டு மட்டும் மாறாது என்று நம்பியிருந்தான். அந்தத் தவக்காலத்தில் அது சீராக, சத்தமில்லாமல் மூச்சுவிட்டது. இளைப்பை எங்கோ போட்டுவிட்டிருந்தது. அவன் தட்டைப் பிடித்து உலுக்கினான், எங்கள் தெருவில் எவரும் செய்யாத காரியம். ஏடு மூழ்கியது. ஒன்பது நாளில் புது ஏடு படிந்தது. அதுவும் ஆரோக்கியமாகவே இருந்தது.

ஈஸ்டர் காலையில் புரிங் எங்களைக் கூப்பிட்டாள். எபிபானியோ கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மார்பிலிருந்து விசில் வந்தது: இரண்டு நீளம், ஒரு குட்டை.

“அண்ணே, டாக்டர்ட்ட போலாமா?”

“கத்தாத. கதவ மெதுவாச் சாத்து.”

மெதுவாகச் சாத்திவிட்டு வந்தோம். ஒன்பது நாள் தெருவில் யாரும் உரக்கப் பேசவில்லை. பத்தாம் நாள் புரிங் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோனாள், இரண்டு பேருக்குப் போதுமான அளவு.